பேசும் தலைக்கு ஒரு பெண் குழந்தை

ஏறக்குறைய நான்கு வருஷம் எனக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது. ஐம்பதுகளின் கடைசியில் தென்னார்க்காடு ஜில்லாவில் பொருட்காட்சிக்குப் போன யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு மேசை, மேசைமேல் தட்டு, தட்டில் ஒரு பெண்ணின் தலை. தலை நிறையக் கனகாம்பரம், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கேட்ட கேள்விக்கெல்லாம் அந்தத் தலை பதில் சொல்லும். அது நான்தான்.

இப்போது சூட்சுமத்தைச் சொன்னால் யார் பிழைப்பும் கெடாது. முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார், கூடாரத் துணியை எவன் கோணியாகத் தைத்தானோ தெரியாது. மேசைக்கு மூன்று கால். முன்கால் ஒன்று, பின்கால் இரண்டு. முன்காலுக்கும் பின்கால்களுக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கண்ணாடி. பக்கத்திலிருக்கும் திரையும் பின்னாலிருக்கும் திரையும் ஒரே துணி. அதனால் பார்க்கிறவனுக்கு மேசைக்கு அடியில் காலியாக, பின்திரை தெரிகிற மாதிரி இருக்கும். அவன் பார்ப்பது கண்ணாடியில் தெரியும் பக்கத்துத் திரையை. கண்ணாடிக்குப் பின்னால் முக்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். மேசைப் பலகையும் தட்டும் இரண்டு பாதி. கழுத்தைக் கொடுத்ததும் சேர்த்து, அடியில் கொக்கி போட்டுவிடுவார்கள். கண்ணாடிக்கும் ஜனங்களுக்கும் நடுவே ஒரு கயிறு. கயிற்றைத் தாண்டினால் அம்மன் கோபிப்பாள் என்று முதலாளி சொல்வார். அம்மனுக்கு வேறு வேலை இல்லை.

சரி, நான் எப்படி அங்கே போய் உட்காருவேன்? கூடாரத்தின் முன்வாசலில் எந்நேரமும் கூட்டம், நான்கு பக்கமும் துணி. ஜனங்கள் ஓட்டை வழியாகக் கண்வைத்துப் பார்ப்பார்கள். அதனால்தான் பள்ளம். எந்த ஊர் மைதானத்தில் இறங்கினாலும் முதல் வேலை பள்ளம் வெட்டுவது. நாங்கள் தங்கும் பின்கூடாரத்தில் அதன் வாய் இருக்கும். மேசைக்கு அடியில் அதன் மறுமுனை. மேலே பலகை அடித்து, கோணி போட்டு, மண்ணைப் பரப்பிவிடுவார்கள். அதன்மேல் ஜனங்கள் நடப்பார்கள், பஞ்சுமிட்டாய் தின்பார்கள், சண்டை போடுவார்கள். அடியில் நான் முட்டிபோட்டுப் போய்க்கொண்டிருப்பேன். பள்ளம் வெட்டுகிறவர் என் வீட்டுக்காரர். தச்சு வேலை, கண்ணாடி மாட்டுவது, எல்லாம் அவர்தான். ஒரு ஊரில் ஆட்டம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த ஊருக்குப் போய்ப் பள்ளம் வெட்ட ஆரம்பித்துவிடுவார்.

பொருட்காட்சியின் முன்பக்கத்தைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். நான் கண்டதெல்லாம் பின்பக்கம். ராட்டினத்தைக் கையால் சுற்றும் ஆட்கள் தோள் வீங்கிப் படுத்திருப்பதும், மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் விடுகிறவர் சைக்கிளில் ஏறக்கூடப் பயந்து கடைவீதிக்கு நடந்தே போவதும் அங்கேதான் நடக்கும்.

எனக்கு ஒரு சட்டம் இருந்தது. உடம்போடு ஊரில் யார் கண்ணிலும் படக்கூடாது. பட்டால் ஆட்டம் போச்சு. குழாயடிக்குப் போகக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது. விடியுமுன் முக்காடு போட்டுக் குளித்துவிட்டு வந்தால் அவ்வளவுதான், பின்கூடாரம், பள்ளம், மேசை. கடலூர், திருக்கோவிலூர் என்று ஜில்லா முழுக்கச் சுற்றியிருக்கிறேன், ஒரு ஊரையும் பார்த்ததில்லை. விழுப்புரம் எனக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜங்ஷனில் என்ஜின் ஊதும், பெட்டிகள் முட்டிக்கொள்ளும்.

எனக்கு நான்கு வயதில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்கும் ஒரு சட்டம். வெளியாள் யாராவது "உங்கம்மா எங்க பாப்பா?" என்று கேட்டால், "எனக்கு அம்மா இல்ல" என்று சொல்லவேண்டும். வெளியாள் எதிரில் என்னை அம்மா என்று கூப்பிடவும் கூடாது. முதலாளி இதில் ரொம்பக் கறாராக இருந்தார். எனக்கு முன்னால் தலையாக இருந்தவளின் பையன் ஒருநாள் கூட்டத்தோடு உள்ளே வந்து, "அதான் எங்கம்மா, குழியில உக்காந்துக்கினு கீது" என்று கையை நீட்டிவிட்டானாம். ஜனங்கள் கண்ணாடியை உடைத்துக் கூடாரத்தைக் கிழித்து, முதலாளியின் வேட்டியையும் விட்டுவைக்கவில்லையாம். அதிலிருந்து எங்கள் ஆட்களின் குழந்தைகள் எல்லோருக்கும் இந்தப் பாடம்தான் முதல் பாடம்.

முதலாளி பரீட்சையும் வைப்பார். டிக்கெட் கிழிக்கிறவருக்கு ஒரு துண்டைப் போட்டு ஊர்க்காரர் மாதிரி அனுப்புவார். "அம்மா கூப்பிடறாங்க பாப்பா. சொல்லலாம், பரவால்ல, யாரு உங்கம்மா?" என்று அவர் கொஞ்சிக் கொஞ்சிக் கேட்பார். ஒருநாள் என்னையே கேட்கச் சொன்னார். என் பெண் என் முகத்தைப் பார்த்து, "எனக்கு அம்மா இல்ல" என்றாள். "ஆட்டம் முடிஞ்சிது பாப்பா" என்று முதலாளி சிரித்து ஒரு மல்லாட்டை உருண்டையை, வேர்க்கடலை உருண்டையைத்தான் சொல்கிறேன், அவள் கையில் கொடுத்தார். அவர் வாயால் அந்த வார்த்தை வந்தால்தான் பரீட்சை முடிந்தது என்று அவளுக்கு அர்த்தம். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. விளையாட்டுத்தானே என்று விட்டுவிட்டேன்.

விழுப்புரத்தில் நாங்கள் இருந்தபோது ஒரு அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கப் போனவர்கள் ராத்திரி முழுக்கக் கண் விழித்து, மறுநாள் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் விழுப்புரத்தில் வந்து குவிந்தார்கள். எங்கள் முதலாளிக்குக் காற்றடிக்கும்போது தூற்றிக்கொள்ளத் தெரியும். காலையிலேயே ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் அடுத்த பள்ளத்தை வெட்டிக்கொண்டிருந்தார். அவர் இருந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். இல்லாததால் எங்களுக்கெல்லாம் சமைக்கிற அக்காவிடம் விட்டேன்.

"நீ போ, நா பாத்துக்கறேன். எங்கியும் வுடமாட்டேன்" என்றார் அக்கா.

பள்ளத்தில் இறங்கும்போதே எனக்கு மனசு சரியில்லை. குழந்தை உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நீலப் பாவாடை, காலில் ஒற்றைக் கொலுசு. இன்னொன்று எந்த ஊரிலோ தொலைந்துபோயிருந்தது. பத்திரமாக இரு என்று சொல்லிவிட்டுப் போனேன். அடுப்பு, தண்ணீர் அண்டா, பள்ளத்தின் வாய். எதை நினைத்தாலும் பயமாக இருந்தது. கழுத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. தலைக்குக் கவலைப்பட மட்டும்தான் முடியும்.

அன்றைய கூட்டம் மற்ற நாள் கூட்டம் மாதிரி இல்லை. மற்ற நாளில், "சாப்டியா? சாப்டா சோறு எங்க போவும்?" என்று கிண்டல் செய்வார்கள். "நீ கொண்டாந்து குடு, எங்க போவுதுன்னு பாக்கலாம்" என்பேன். சிரிப்பார்கள். அன்று வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தார்கள். நெற்றியில் மலையனூர்க் குங்குமம் காயவில்லை. முதலாளி பிரம்பைத் தூக்கி, "எண்சாண் ஒடம்புக்குச் சிரசே பிரதானம்! அந்தச் சிரசு பேசப்போவுது, கேளுங்க!" என்றதும் ஒரு கிழவர் கற்பூரம் ஏற்றக் கிளம்பிவிட்டார். ஒரு பெண் கைக்குழந்தையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பிள்ளையின் கண் உள்ளே போயிருந்தது.

"எம் புள்ளைக்கு எப்ப தாயே சொகமாவும்?"

நான் என்ன வைத்தியரா? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கிண்டல் வரவில்லை. "டவுன் ஆஸ்பத்திரிக்கு ஜல்தியா தூக்கிக்கினு போ, சொகமாவும்" என்றேன். அம்மன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதில் முதலாளிக்கு ஏகக் கோபம்.

அப்போதுதான் மைதானத்து ஒலிபெருக்கியில் பாட்டு நின்றது. "பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. சுமார் நான்கு வயதுள்ள ஒரு பெண் குழந்தை தனியாக நின்றுகொண்டிருந்தது. நீலப் பாவாடை, ஒரு காலில் மட்டும் கொலுசு. குழந்தை தனக்குத் தாயார் இல்லை என்று சொல்கிறது. தகப்பனார் எங்கிருந்தாலும் உடனே விளம்பரக் கொட்டகைக்கு வரவும்."

என் பெண்தான் அது. கழுத்தைச் சுற்றிப் பலகை. கைகள் கீழே இருட்டில் கிடந்தன. எதிரில் ஜனங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முதலாளியைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருந்தது. பொட்டு வைத்த என் முகத்துக்குக் கிட்டே குனிந்து, பிரம்பால் தட்டைத் தட்டுவதுபோல் நடித்து, "அக்கா போய்க் கூட்டியாருவா. சும்மா இரு" என்று முணுமுணுத்தார்.

அக்கா எப்படிப் போவார்? தண்ணீருக்குப் போன நேரத்தில்தான் குழந்தை நழுவியிருக்கும், அவர் திரும்பியிருப்பாரோ இல்லையோ. போனாலும் யாரென்று சொல்லிக் கேட்பார்? தகப்பனைத்தான் வரச் சொல்கிறார்கள். தகப்பன் திண்டிவனத்தில் மண்ணில் நிற்கிறார்.

ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் வந்தது. நடுவில் கொக்கியை எடுக்க விடச் சொல்லி முதலாளியிடம் கெஞ்சினேன். "ஜனம் நெருக்கிக்கினு நிக்குது, இந்த ஒண்ணு முடியட்டும்" என்றார். மறுபடியும் அறிவிப்பு வந்தது. தகப்பனார் வராவிட்டால் குழந்தையைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்புவோம் என்றார்கள். கயிற்றை ஒட்டி நின்ற இரண்டு பெண்கள், என்னைப் பார்க்க வந்தவர்கள், என்னைப் பார்க்காமல் அதையே பேசினார்கள்.

"பாவம்க்கா, தாயில்லாப் புள்ளை. கொட்டாய்ல உக்கார வெச்சிருக்காங்க."

"நானும் பாத்தேன். மொகையூரு பக்கத்துல இருந்து வந்த புருசன் பொஞ்சாதி, மலையனூருக்குப் புள்ளை வரம் கேட்டுப் போய்ட்டு வர்றாங்களாம். அம்மனே குடுத்திட்டா, நாங்களே வளத்துக்கறோம்னு போலீசாண்ட கேட்டுக்கினு நிக்கிறாங்க. அந்தம்மா மடியவிட்டு எறக்கவே மாட்டேங்குது."

அதற்குமேல் நான் ஒன்றையும் கேட்கவில்லை. ஒரு ஆள், "அம்மா, மல்லாட்டை இந்த வருசம் நல்லா வெளையுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. கையை மேலே தூக்கிக் கொக்கியைத் தட்டிவிட்டேன். பலகை பிளந்தது. தட்டிலிருந்த தலை எல்லோர் கண்ணெதிரிலும் கீழே போய்விட்டது.

மேலே ஒரு கூச்சல் எழுந்தது. ஒருத்தி "தாயே" என்று அலறியதும் "கயித்தத் தாண்டாதீங்க" என்று முதலாளி கத்தியதும் பள்ளத்துக்குள் எனக்குக் கேட்டன. அன்று தண்ணீர் ஊறிப் பள்ளம் முழுக்கக் களியாக இருந்தது. முழங்கை வழுக்கியது. எத்தனையோ தடவை போன வழி, அன்று முடியவே இல்லை. பின்கூடாரத்தில் ஏறிப் பார்த்தேன். உலை கொதித்து வழிந்துகொண்டிருந்தது. அக்காவைக் காணோம்.

என்னிடம் ஜோடனை எல்லாம் கழுத்துக்கு மேலேதான். கழுத்துக்குக் கீழே வீட்டுக்காரரின் கிழிந்த சட்டை, முழங்காலுக்குத் தூக்கிச் செருகின பழஞ்சேலை, அதன்மேல் அப்பின சேறு. அப்படியே மைதானத்தில் ஓடினேன். பட்டப்பகல். ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சில பேர் கும்பிட்டார்கள். ஒருத்தன் மட்டும், "டேய், தலைக்கு ஒடம்பு மொளைச்சிட்டுது" என்றான்.

விளம்பரக் கொட்டகையில் ஒரு போலீஸ்காரர், மைக்காரர், அந்தத் தம்பதி. அந்த அம்மாள் என் பெண்ணை மடியில் வைத்துத் தலைவாரி, இரட்டைப் பின்னல் போட்டு, பூவும் வைத்திருந்தாள். குழந்தை முறுக்குத் தின்றுகொண்டிருந்தது. அழுகையும் இல்லை, ஒன்றும் இல்லை, சுகமாகத்தான் இருந்தது.

"எங் கொழந்தைங்க இது" என்றேன். மூச்சு வாங்கியது.

போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மேலே அம்மன், கீழே கூலிக்காரி. அவர் என்ன செய்வார், பாவம். குழந்தையைக் கேட்டார். "இவங்கதான் உங்கம்மாவா பாப்பா?"

என் பெண் முறுக்கை இறக்கினாள். நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள். அவள் கண்ணில் பயமே இல்லை. பெருமை இருந்தது.

"எனக்கு அம்மா இல்ல" என்றாள்.

"சொல்லலாம் கண்ணு. நெஜமாவே சொல்லலாம். பரவால்ல, சொல்லு" என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. டிக்கெட் கிழிக்கிறவர் கேட்பதும் இதே வார்த்தைதான். அவள் ஏமாறமாட்டாள். உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். அந்த அம்மாள் குழந்தையை இன்னும் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"யாரும்மா நீ? புள்ளையே இல்லன்னுது. வந்து தூக்கிக்கினு போவலாம்னு பாக்கறியா?" என்றார் போலீஸ்காரர். நான் பெற்ற கதை, பெற்ற ஊர், தொடையில் இருக்கும் மச்சம் எல்லாம் சொன்னேன். மச்சத்தைப் பார்த்தார்கள். இருந்தது. "இத்தினி நேரம் மடியில வெச்சிருக்கோம், எங்களுக்குந்தான் தெரியும்" என்றாள் அந்த அம்மாள். அவளுடைய புருஷர், எங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது, எழுதி வாங்கிக்கொண்டு விடுங்கள் என்றார். நல்ல மனிதர்கள்தான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கெட்டவர்களாக இருந்தால் கத்திக் கூட்டம் கூட்டியிருப்பேன்.

அப்போது முதலாளி வந்தார். பின்னால் பாதிக் கூடாரமே வந்தது. கையில் பிரம்பு இல்லை. போலீஸ்காரர், "யோவ், இந்தப் பொம்பளை யாரு?" என்று கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற ஜனங்களைப் பார்த்தார். தலை மாயமாய் மறைந்ததைக் கண்டவர்கள், மறைந்தது அம்மன்தான் என்று நம்புகிறவர்கள் பாதிப்பேர் அதில் இருந்தார்கள். இந்தக் கதையை வைத்துக்கொண்டு இன்னும் பத்து ஊர் பிழைக்கலாம். அவர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. என்னை யாரென்று தெரியாது என்று சொல்லிவிட அவருக்கு ஒரு நொடி போதும்.

நான் கிட்டே போய் மெதுவாகத்தான் சொன்னேன். "மொதலாளி, இப்ப நீங்க சொல்லலன்னா, இத்தினி பேரையும் கூட்டிக்கினு போய்ப் பள்ளத்தோட வாயக் காட்டுவேன். மலையனூரு போய்ட்டு வந்த ஜனம். அம்மன் பேரச் சொல்லி ஏமாத்தினவன வுடமாட்டாங்க."

அவருக்கு வியர்த்தது. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் என் பெண்ணைப் பார்த்து, "ஆட்டம் முடிஞ்சிது பாப்பா" என்றார்.

அவ்வளவுதான். குழந்தை சட்டென்று மடியை விட்டு இறங்கி, என்னைக் கையால் காட்டி, "இவங்கதான் எங்கம்மா" என்றாள். பாடம் ஒப்பிக்கிற குரல். சொல்லிவிட்டு என்னிடம் வரவில்லை. சரியாகச் சொன்னேனா என்று முதலாளியின் முகத்தைப் பார்த்தாள். நான்தான் போய்த் தூக்கிக்கொண்டேன். பத்து மாதம் சுமந்து பெற்றவள் கேட்டபோது வராத சொல், அந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னதும் வந்தது. என் ஆயுசில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மொகையூர் அம்மாள் அழுதுகொண்டே, "தாய உயிரோட வெச்சிக்கினு இல்லன்னு சொல்ல வெச்சிருக்கீங்களே" என்றாள். குழந்தையோடு திரும்பி நடந்தேன். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்கிற வேலையை அன்றோடு விட்டாயிற்று. எங்கெங்கோ தேடிவிட்டு அழுத முகத்தோடு வந்த அக்காதான் என் துணிமூட்டையையும் கட்டிக் கொடுத்து, முகத்தையும் துடைத்துவிட்டார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே வெளியே போனேன்.

திண்டிவனத்துக்குப் பாசஞ்சர் நின்றிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தோம். விக்கிரவாண்டி தாண்டியதும் எதிரில் இருந்த ஒருத்தி என் குழந்தையிடம் பேச்சுக் கொடுத்தாள். "எங்க பாப்பா போற?"

"எங்க அப்பாவாண்ட போறேன்."

"கூட வர்றது யாரு?"

என் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சொல்லு கண்ணு" என்றேன். காதில் விழாதது போல மல்லாட்டைக் கொல்லையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பெட்டியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். முறுக்கு எண்ணெய் போகாத அவளுடைய சின்னக் கை மட்டும் என் முந்தானைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் வந்து என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"எங்கொழந்தைதாங்க" என்று அந்தப் பெண்ணுக்கு நானே சொன்னேன். அவள் நம்பினாளோ என்னவோ. திண்டிவனம் வரும்வரை குழந்தை கையை விடவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.